பக்கத்து ஸ்டூல்

சிவப்புச் சட்டைக்காரன் ஒரு அடி எடுத்து வைத்தான்.

அவன் எடுத்து வைத்திருக்கக் கூடாது. அபிநயா வாய்க்குக் கொண்டுபோன காப்பி டம்ளரை அப்படியே நிறுத்தித் திரையைப் பார்த்தாள். நீலச் சட்டைக்காரன் வழக்கம்போல் ஓடிப்போய், முதல் பாலத்துக்கு முன்னால் நிற்கும் தடியனிடம் குத்து வாங்கி விழுந்து செத்தான். ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன சாவு அது. ஆனால் அவனுக்குப் பின்னால், ஆட ஆளில்லாமல் சும்மா நின்றிருக்க வேண்டிய சிவப்புச் சட்டைக்காரன், விழுந்து கிடந்தவனை நோக்கி ஒரே ஒரு அடி வைத்துவிட்டு நின்றான். பிறகு திரை கறுத்து, விளையாட்டின் பெயர் வந்தது.

"எங்கயோ பிசகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிசகு அவளுக்குப் புதிதல்ல. ஒரு மாதமாக அவள் பிழைப்பே அதுதான்.

தீபத்தன்று பிற்பகல். காலையிலிருந்து நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் செங்கம் சாலை. அதில் கிரிவலக் கூட்டத்தின் வெறுங்கால்கள் ஈரத் தாரில் பதிந்து பதிந்து எழும் ஓசை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் பிறந்தவர்கள் அந்த ஓசையைக் காதில் வாங்குவதேயில்லை. அவளும் வாங்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த அறை வீட்டின் முன்னறை, ஒரு காலத்தில் கடை. தெருப்பக்கம் இன்னமும் பழைய இரும்பு ஷட்டர்தான். அதன் அடி இடுக்கு வழியாக ஈர மண்வாசனையும், கூடவே, எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், கருகிய ரப்பர் வாடை போல ஒன்றும் வந்தது.

அவள் அப்பா சகாதேவன் இந்த அறையில் வீடியோ கேம் கடை நடத்தினார். ஒரு ரூபாய்க்கு ஒரு ஆட்டம். ஆறு பெட்டிகளில் பையன்கள் அடித்துக்கொண்டு நின்றது ஒரே பெட்டிக்கு. அதை 'அண்ணன் தம்பி கேம்' என்பார்கள். நீலச் சட்டை அண்ணன், சிவப்புச் சட்டை தம்பி. இருவரும் சேர்ந்து ரௌடிகளை அடித்துக்கொண்டே காட்டைக் கடக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஆடினாலும் இரண்டு பேரும் திரையில் இருப்பார்கள். ஆளில்லாதவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் இழுபட்டு வருவான், அவ்வளவுதான்.

அபிநயாவின் அண்ணன் ராஜா பன்னிரண்டு வயதில் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் செத்துப்போனான். அதுவும் ஒரு தீபத்தன்று. மலையில் தீபம் ஏறும் வரை இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் விளக்குப் போட மாட்டார்கள். அப்பா கடையைச் சாத்தி, மெயினை அணைத்துவிட்டு, அம்மாவோடும் ஆறு வயது அபிநயாவோடும் மொட்டைமாடிக்குப் போனார். ராஜா மட்டும் நழுவி இறங்கி வந்து, மெயினைப் போட்டு, ஈரக் காலோடு ஆட உட்கார்ந்துவிட்டான். எர்த் கொடுக்காத இரும்புப் பெட்டி. ஊரே மலையைப் பார்த்து அரோகரா என்று கத்தியபோது அவன் கத்தினானா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

அப்பா கடையை மூடினார். பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார். அந்த ஒரு பெட்டியின் போர்டையும், இரண்டு ஸ்டிக்குகள் பதித்த முன்பலகையையும் மட்டும் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். ஏன் வைத்தார் என்பது போன வருஷம் அவர் போன பிறகுதான் அபிநயாவுக்குப் புரிந்தது.

அந்தப் போர்டுக்கு ஒரு விசித்திரமான குணம். மற்ற விளையாட்டுகள் காசு போட ஆள் இல்லாத நேரத்தில் கம்பெனிக்காரன் பதிந்து வைத்த ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். இது, கடைசியாக ஆடியவர் ஸ்டிக்கை எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் தள்ளினார், எந்தக் கணத்தில் பட்டனை அழுத்தினார் என்பதை ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நினைவில் வைத்துக்கொண்டு, அதையே திரும்ப ஆடிக் காட்டும். கடைசியாக ஆடியவன் ராஜா. அவன் கை கடைசியாக அசைந்த மூன்று நிமிஷம் அதற்குள் இருந்தது.

அபிநயா இதை அம்மா ஆதிலட்சுமியிடம் சொன்னாள். ராஜா நடமாடும் படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. அந்தக் காலத்தில் யார் வீடியோ எடுத்தார்கள். "அவன் கை அசைஞ்சத ஒரே ஒரு தபா காட்டிடுடி, அபி. அது போதும் எனக்கு" என்று மட்டும் சொன்னாள். அப்பா போன பிறகு பாதியாக இளைத்துவிட்டவள் அவள். மறுபடி எதையாவது கேட்பாளா என்பதே அபிநயாவுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆகவே காட்டியே தீர வேண்டும்.

போர்டு ஓடும் நிலையில் இல்லை. பேட்டரி கசிந்து பாதித் தடங்களை அரித்திருந்தது. அதில் மிச்சமிருந்த துளி உயிரில் நினைவு மட்டும் அழியாமல் இருந்தது, அதை எப்படியோ கம்ப்யூட்டருக்குள் எடுத்துவிட்டாள். இனி அந்தப் போர்டு செய்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்ய வேண்டும். அதற்கு ஒரு எமுலேட்டரை அவளே எழுதினாள். முன்பலகையையும் கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டாள், அம்மா தொட்டுப் பார்க்கட்டும் என்று.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சாமான், இன்றைய கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் யாருக்கும் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. போர்டில் நான்கு சிப்புகள். ஒன்று ஆட்டத்தை நடத்தும், ஒன்று படம் வரையும், ஒன்று சத்தம் போடும், நான்காவது, யாரும் நகல் எடுத்துவிடாமல் காவலுக்கு. நான்கும் ஒரே நேரத்தில், தத்தம் தாளத்தில், ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டும் ஓடியவை. கம்ப்யூட்டர் என்னதான் வேகக்காரனாக இருந்தாலும் முதல் சிப்பாகக் கொஞ்ச நேரம் நடித்து, நிறுத்தி, இரண்டாவதாக நடித்து, நிறுத்தி, மூன்றாவதாக நடித்து, நான்கும் ஒன்றாக நடந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். காலத்தைத் தடிமனாக நறுக்கினால் வேகமாக ஓடும், ஆனால் சிப்புகள் ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகும். மற்ற விளையாட்டுகளில் அந்த மயிரிழை கண்ணுக்கே தெரியாது. இங்கே பதிந்திருந்தது ராஜாவின் கை மட்டும்தான். தடியன் ஒரு இமைப்பு தாமதமாக வந்தாலும் ராஜாவின் குத்து காற்றில் போகும், அண்ணன் பாலத்திலேயே செத்துவிழுவான்.

மெலிதாக நறுக்க நறுக்க அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போய்ச் செத்தான். கம்ப்யூட்டரும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வாங்கியது.

சிவப்புச் சட்டை நகர்ந்ததை அவள் மணிவேலிடம் சொன்னாள். கல்லூரியில் கூடப் படித்தவன். கீழ்பென்னாத்தூரில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவன். ஃபைல்களை அவனுக்கும் அனுப்பியிருந்தாள்.

"ரெண்டாவது ஸ்டிக்குக்கு ரெக்கார்டுல ஒண்ணுமே இல்ல அபி. மொத்தமும் காலி" என்றான் போனில். "உங்கண்ணன் தனியாதான் ஆடியிருக்கான். அப்புறம் எப்படி நகரும்?"

"நகர்ந்துச்சுடா. நான் பாத்தேன்."

"அப்ப சிப்புங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல. நறுக்கை இன்னும் சின்னதாக்கு, சரியா பூடும். ரொம்ப ஸ்லோ ஆவும், பரவால்ல. ஒவ்வொரு படத்தையும் டிஸ்க்ல எழுத விட்டுடு, அப்புறமா நார்மல் வேகத்துல அம்மாவுக்குப் போட்டுக் காட்டிக்கலாம்."

நல்ல யோசனைதான். பிசகினால் வருவது, பிசகு தீர்ந்தால் போய்விட வேண்டும். அவள் நறுக்கைப் பாதியாக்கி ஓடவிட்டாள். அண்ணன் முதன்முறையாகப் பாலத்தைத் தாண்டினான். கைதட்டப் போனவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். சிவப்புச் சட்டைக்காரன் இழுபட்டு வரவில்லை. நடந்து வந்தான்.

பிசகு குறையக் குறைய அவன் தெளிவாகிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம், வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது, அம்மா அகல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு முன்னறை வாசலில் வந்து நின்றாள். "நேரமாவுதுடி. லைட்ட நிறுத்து. அந்தப் பொட்டியையும் நிறுத்து. மலையில ஏறட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

"நிறுத்திடறேம்மா. நீ மேல போ, வந்துடறேன்."

அம்மா போகவில்லை. மேஜைக்கு முன்னால் கிடந்த ஸ்டூல்களைப் பார்த்தாள். கடைக் காலத்து மர ஸ்டூல்கள். "இன்னாத்துக்குடி ரெண்டு ஸ்டூலு?"

ஒன்றில் அபிநயா உட்கார்ந்திருந்தாள். இன்னொன்று அவளுக்குப் பக்கத்தில், இரண்டாவது ஸ்டிக்குக்கு நேராக இருந்தது. அதை இழுத்துப் போட்ட ஞாபகம் அவளுக்கு இல்லை.

"உனக்குத்தாம்மா" என்றாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் கெடந்துச்சு" என்றாள் அம்மா, ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் பேசுவதுபோல. "எல்லா ஸ்டூலையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிட்டுத்தான் உங்கப்பா பூட்டினாரு. வந்து பாத்தா ரெண்ட எடுத்துப் போட்டிருந்துச்சு. அவன் தனியாதான இருந்தான். மாடியிலேருந்து பாத்தப்ப தெருவே இருட்டு, நம்ம ஷட்டருக்கு அடியில மட்டும்தான் வெளிச்சம். இன்னொரு ஸ்டூலுக்கு, சின்னப் பசங்க யாராவது உள்ள பூந்திருப்பாங்கன்னு உங்கப்பா சொன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

அம்மாவின் காலடி படியேறிப் போனது. அபிநயா டியூப் லைட்டை அணைத்தாள். கையைக் கம்ப்யூட்டர் பட்டனுக்குக் கொண்டுபோய், எடுத்துக்கொண்டாள். இருப்பதிலேயே மெலிதான நறுக்கில் அவள் ஓடவிட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. ஆட்டத்தின் ஒரு நொடிக்கு அறையில் அரை நிமிஷம் பிடித்தது. இப்போது நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தீபம் பார்த்துவிட்டு இறங்கும் அம்மாவுக்கு இன்றைக்கே காட்டிவிடலாம் என்ற ஆசை அவளை விடவில்லை. ஒரு திரைதானே, விளக்கா என்ன என்று நினைத்தாள். இந்தத் தெருவில் பிறந்தவள் நினைத்திருக்கக் கூடாத நினைப்பு அது.

இருட்டியது. எதிர்வீடு, பக்கத்து வீடு, மளிகைக்கடை, எல்லாம் இருளில் மலையைப் பார்த்துக் காத்திருந்தன. திரையின் நீல வெளிச்சம் ஷட்டருக்கு அடியில் வழிந்து தெருவுக்குப் போவதை அவள் பார்த்தாள்.

திரையில் ராஜா ஆடிக்கொண்டிருந்தான்.

அது அவனேதான். குதிக்கும் முன் ஸ்டிக்கை ஒருமுறை பின்னால் வெட்டி இழுப்பானே, அந்தப் பழக்கம் அப்படியே இருந்தது. ஜெயித்ததும் காரணமே இல்லாமல் இரண்டு முறை உட்கார்ந்து எழுவான். அவளைச் சிரிக்க வைக்கச் செய்வது. முழங்கால் மடங்குவது தனிப் படமாக, பிறகு எழுவது தனிப் படமாக, அவ்வளவு மெதுவாக அவள் அதைப் பார்த்தாள். குத்துச் சத்தம் தூரத்தில் மாடு கத்துவதுபோல் நீண்டு தேய்ந்தது. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முகம்கூட மறந்துபோன அண்ணன், இதோ கைக்கெட்டும் தூரத்தில். அம்மா இதைப் பார்த்தால் ஒரு வேளைச் சோறு கூடுதலாகச் சாப்பிடுவாள் என்று நினைத்தாள்.

பிறகுதான் சிவப்புச் சட்டையைப் பார்த்தாள். அவன் யாரையும் அடிக்கவில்லை. அவனையும் யாரும் அடிக்கவில்லை. ரௌடிகள் அவன் பக்கம் வந்ததும் விலகிப் போனார்கள். அண்ணனுக்குப் பின்னால், அண்ணன் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு வந்தான்.

தக்.

முன்பலகையிலிருந்து. அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது ஸ்டிக் நேராகத்தான் நின்றது. திரையில் சிவப்புச் சட்டை ஒரு அடி நெருங்கியிருந்தான்.

தக்.

இந்த முறை பார்த்துவிட்டாள். ஸ்டிக் வலப்பக்கம் சாய்ந்து, தானே நிமிர்ந்தது. கருகிய வாடை இப்போது பக்கத்திலிருந்தே வந்தது. ரப்பர் இல்லை. முடி.

ஓடியிருக்கலாம். ஓடத்தான் எழுந்தாள். அந்த நேரத்தில் குத்துச் சத்தம் மாறியது. மாட்டுக் குரல் குறுகி, குறுகி, நல்ல குத்தாகவே விழுந்தது. அண்ணன் நிஜ வேகத்தில் ஓடினான். பாட்டுகூட ஒழுங்கான தாளத்துக்கு வந்துவிட்டது, கடையில் கேட்ட அதே பாட்டு. கம்ப்யூட்டருக்கு எங்கிருந்து வந்தது இந்த வேகம் என்று ஒரு கணம் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு வெளியே கவனித்தாள்.

வாழ்நாளெல்லாம் காதில் வாங்காத ஓசை இல்லாமல் போனதால் காதில் விழுந்தது. செங்கம் சாலையில் காலடி இல்லை. இல்லை, இருந்தது. ஒரு கால் பதிந்தது. வெகுநேரம் கழித்து அது எழுந்தது. ஷட்டர் இடுக்கில் ஒரு மழைத்துளி இறங்கிக்கொண்டிருந்தது, நத்தை இறங்குவதுபோல. தலைக்கு மேலே மின்விசிறியின் இறக்கைகளை அவளால் ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது.

கம்ப்யூட்டர் வேகமாகவில்லை. மற்றதெல்லாம் காத்திருந்தது.

எங்கோ உயரத்திலிருந்து ஒரு சத்தம் தொடங்கியது. ஊர் முழுவதும் ஒரே வாயாக, "அ..." என்று. மலையில் தீபம் ஏறிவிட்டது. அரோகராவின் முதல் எழுத்து முடியாமல் நீண்டுகொண்டே இருந்தது.

திரையில் அண்ணன் விறைத்தான். மேலே, கீழே, இடம், வலம், எல்லாப் பட்டன்களும் ஒரே சமயத்தில். எந்த மனிதக் கையும் அப்படி ஆட முடியாது. பிடித்த கை விடமுடியாமல் இறுகினால் மட்டும்தான் முடியும்.

பிறகு அண்ணன் கையைத் தொங்கப் போட்டு நின்றான்.

பதிவு அதோடு முடிந்தது. விளையாட்டின் பெயர் வர வேண்டும். வரவில்லை. சிவப்புச் சட்டை மட்டும் நடந்துகொண்டிருந்தான். தக். தக். நின்றுபோன அண்ணனை நோக்கி, அவசரமே இல்லாமல். இரண்டு அடி இருந்தது. ஒரு அடி.

"விடுடா அவன!" என்று கத்தினாள் அபிநயா. கத்திக்கொண்டே, அண்ணனை அங்கிருந்து நகர்த்திவிட வேண்டும் என்ற ஒரே வெறியில், முதல் ஸ்டிக்கைப் பிடித்தாள்.

அண்ணன் நகர்ந்தான். ஒரே அடி.

விரல்கள் இறுகின.

வலி இல்லை. முதலில் ஒரு கூச்சம், மணிக்கட்டில். பிறகு முழங்கையில். இழுத்தாள். கை வரவில்லை. கால்களை நகர்த்தப் பார்த்தாள். உள்ளங்காலுக்கு அடியில் ஈரம். ஷட்டருக்கு அடியிலிருந்து தண்ணீர் எப்போது உள்ளே வந்தது என்று தெரியவில்லை. ஸ்டூல் அவள் முழங்காலை மடக்கி உட்காரவைத்தது.

பக்கத்து ஸ்டூல் கீச்சிட்டது. பாரம் ஏறினால் அது அப்படித்தான் கீச்சிடும்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. திரையின் மூலையில் நறுக்கின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வைத்த எல்லையைத் தாண்டி, பாதியாகி, அதிலும் பாதியாகி. வெளியே எத்தனை அரோகரா போனதோ, கடைசியாகத் தொடங்கிய "அ..." இப்போது கேட்கவில்லை. முடிந்துவிடவும் இல்லை. மழைத்துளி காற்றில் நின்றது.

நெஞ்சு ஒருமுறை அடித்தது. அடுத்த அடிக்கு அது யாருக்காகவோ காத்திருந்தது.

உள்வாசலில் வெளிச்சம். அம்மா. தீபம் பார்த்துவிட்டு இறங்கியவள், முதல் அகலை ஏற்றி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மகன் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தாள். ஒரு கால் நிலைப்படிக்கு மேலே தூக்கியபடி நின்றது. சுடர் ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிரவில்லை. வாய் பாதி திறந்திருந்தது.

வராதம்மா. உள்ள வராத. அபிநயா தொண்டைக்குள் கத்தினாள். சத்தம் தொண்டையிலேயே தன் முறைக்காகக் காத்துக் கிடந்தது.

தக்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. அசையாத அந்தச் சுடரின் வெளிச்சத்தில், அம்மாவின் கண்கள் அபிநயாவுக்குப் பக்கத்து ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இளைத்த முகத்தில், ராஜாவுக்கென்றே வைத்திருந்த, வருஷக்கணக்காக வராத ஒரு சிரிப்பு தொடங்கியிருந்தது.